ரெக்கை மடங்கும் விமானம்

ஆயாவுக்கு 90 வயது நெருங்குகிறது. காலையில் இட்லி சாப்பிட்டோமா இல்லையா என்று மதியம் நம்மையே கேட்கும். அம்மாவைச் சில நாள் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒரு கண் சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரியும். இந்தக் கணக்கில்தான் ரெட்ஹில்ஸ் ஏரியில் பிளேன் இறங்கிய கதையையும் நாங்கள் சேர்த்து வைத்திருந்தோம்.

"ஏரியிலதான் இறங்கும் பாப்பா. இறங்கறதுக்கு முன்னாடி ரெக்கை நுனி ரெண்டும் மடங்கித் தொங்கும். அப்பால தண்ணியக் கிழிச்சினு போவும்."

ஆயா பிறந்தது ரெட்ஹில்ஸ் பக்கம். கல்யாணமாகித்தான் சேக்காடு வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தக் கதையைக் கேட்டு வீடே சிரிக்கும். எங்கள் சேக்காடு ஏரியில் கொக்கைத் தவிர வேறெதுவும் இறங்கி நான் பார்த்ததில்லை. மறதி வந்த பிறகு யாரும் சிரிப்பதில்லை. ஆயா ஆரம்பித்ததும் அம்மா என்னைப் பார்ப்பார், நான் அம்மாவைப் பார்ப்பேன். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

ஆகஸ்ட் வந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் மெட்ராஸ் டே வேலை ஆரம்பித்துவிடும். பழைய சென்னை பற்றி எதைக் கொடுத்தாலும் வாசகர்கள் படிப்பார்கள். அப்படி இரண்டாம் உலகப்போர் சமாசாரங்களைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 1942 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன் வந்து தங்கிய இடம்: ரெட்ஹில்ஸ் லேக், மெட்ராஸ்.

டீயை வைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

அந்த வருடம் ஏப்ரல் 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது. வங்காள விரிகுடாவைக் கண்காணிக்க, நீண்ட நேரம் பறக்கும் விமானம் தேவைப்பட்டது. அதுதான் கேட்டலினா. அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் கம்பெனி தயாரித்த பறக்கும் படகு. இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான், அதே ஏப்ரலில் 4-ம் தேதி ஜப்பானியக் கப்பல் படையைக் கண்டுபிடித்து கொழும்புக்குத் தகவல் சொன்னது. பின்னால் கொக்கலவுக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் நடுவே இதே ரக விமானங்கள் எங்குமே நிற்காமல் பறந்தன. ஒரு பயணத்துக்கு 28 முதல் 32 மணி நேரம். ஏறியவர்கள் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள். நான் சேக்காட்டிலிருந்து ஆபீஸ் போவதையே தினமும் நீண்ட பயணம் என்று புலம்புகிறவள்.

ரெக்கை நுனி விஷயம்? அதுவும் நிஜம். இரண்டு பக்கமும் சின்ன மிதவைகள் உண்டு. பறக்கும்போது அவை மேலே மடங்கி ரெக்கையின் நுனியாகவே மாறிவிடும். தண்ணீரில் இறங்கும் முன் கீழே தொங்கும், விமானம் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். ஆயா இத்தனை வருடமாகச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

போட்டோ காட்டலாம்தான். ஆனால் ஆயாவுக்குப் போட்டோ எதற்கு? கையில் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் மாடல் விலையைப் பார்த்துவிட்டுக் காகிதத்துக்கு வந்தேன். இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். போலந்தில் காகித மாடலுக்கென்றே 1957-ல் பத்திரிகை தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். வரைபடங்களை இறக்கிக்கொண்டேன். 72-ல் ஒரு பங்கு அளவு. நிஜ ரெக்கை 31.7 மீட்டர், என்னுடையது 44 சென்டிமீட்டர். நீளம் 27.

முதல் முயற்சி குப்பைக்குப் போனது. பாதிப் பக்கங்களை ஆபீஸிலும் மீதியை ஜெராக்ஸ் கடையிலும் பிரின்ட் எடுத்திருந்தேன். இரண்டாவது தடவை 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. தாளுக்கு ஏற்றபடி படம் துளி சுருங்கிவிட்டது. உள்ளே வைக்கும் அட்டை எலும்புகள் வெளித்தோலுக்குள் நுழையவே இல்லை. ஒரு வார ராத்திரி வேலை போச்சு.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில், 160 ஜிஎஸ்எம் தாளில் எடுத்தேன். எலும்புகளுக்குப் போன வருட தினசரி காலண்டரின் அட்டை. அதைவிடக் கெட்டியான அட்டை காசு கொடுத்தாலும் கிடைக்காது. மடிப்புக்கோடு போட, தீர்ந்துபோன ரீஃபில். மூக்குப் பகுதிதான் உயிரை எடுத்தது. தாள் ஒரு பக்கமாகத்தான் வளையும், இரண்டு பக்கமும் சேர்ந்து வளையாது. அதனால் வாழைப்பூ மடல் மாதிரி சின்னச் சின்னக் கீற்றாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஃபெவிகால் கொஞ்சம் அதிகமானாலும் தாள் ஊறி உப்பிவிடும். வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளைக்கு ஸ்கெட்ச் பேனா.

அடிப்பாகம் படகு மாதிரிதான், ஆனால் நடுவில் ஒரு படி இருக்கிறது. வரைபடத்தில் தப்பு என்று நினைத்து அதைச் சமன்படுத்தப் போனேன். நல்லவேளை, கத்தரிக்கு முன் படித்தேன். தண்ணீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்தப் படி இருந்தால்தான் பிடி விட்டு விமானம் கிளம்ப முடியும்.

ரெக்கை உடம்போடு ஒட்டியிருக்காது. தண்ணீர் தெறித்து புரொப்பெல்லரில் படாமலிருக்க, ஒற்றைத் தூணின்மேல் உயரத்தில் நிற்கும். 44 சென்டிமீட்டர் காகிதத்தை ஒரு தூணில் நிறுத்தினால் தொங்கத்தானே செய்யும்? உள்ளே தென்னந்துடைப்பக் குச்சி நான்கைச் செருகினேன். முட்டுக்கொடுக்கும் கம்பிகளும் அதே துடைப்பம்தான். அம்மா இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார். பின்பக்கம் இருபுறமும் புடைத்திருக்கும் கண்ணாடிக் கூண்டுகளுக்கு ஆயாவின் கேப்ஸ்யூல் அட்டையிலிருந்து இரண்டு குமிழ்.

வரைபடத்தில் மிதவைகள் அசையாது. எனக்கு மடங்கியே ஆக வேண்டும். காயத்துக்கு ஒட்டும் துணி பிளாஸ்திரியை மெல்லிசாக வெட்டி, கீல் மாதிரி ஒட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மடியில் வைத்தேன். என்ன என்று சொல்லவில்லை. ஆயா மூக்கைத் தடவியது, தூணைத் தடவியது, ரெக்கை ஓரமாகவே விரலைக் கொண்டுபோனது. நுனி வந்ததும் நின்றது. மெதுவாக அழுத்தியது. மடங்கியது.

"ஏரி பிளேனு" என்றது.

அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

பிறகு விரல் வயிற்றுப் பக்கம் போனது. "இது இன்னா?"

"சக்கரம், ஆயா."

"இதுக்கு ஏது சக்கரம்? யார் வெச்சது?"

நான்தான். நான் எடுத்த வரைபடம் தரையிலும் இறங்கும் ரகத்துடையது. ரெட்ஹில்ஸில் இருந்த ஸ்குவாட்ரனிடம் இருந்தவை தண்ணீருக்கென்றே செய்தவை, சக்கரம் கிடையாது. படித்திருந்தும் கோட்டை விட்டேன். கட்டரை எடுத்து வந்து, ஆயா மடியில் வைத்தே அறுத்தேன். ஓட்டைகளின்மேல் தாள் ஒட்டிக் கொடுத்தேன்.

இப்போது அது ஆயா கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு மதியமே இட்லி கேள்வி வந்தது. ஆனால் மிதவையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடக்குகிறது என்று கணக்கே இல்லை. பிளாஸ்திரி இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.