துணைக்கு ஒரு ஆள்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மனசு சரியில்லாதவரைக் குணசீலத்துக்குக் கூட்டிப்போவது பழைய வழக்கம். காவிரி வடகரையில், பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள் தங்க வேண்டும். பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். தீர்த்தத்தின் சக்தியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த 48 நாளும் பக்கத்துப் பாயில் இன்னொரு குடும்பம் இருக்கும். ‘உங்க பிள்ளைக்கு எப்போலேர்ந்து?’ என்று ஒரு தாய் கேட்பாள். இன்னொருத்திக்கு அன்றைக்குத்தான் தன் வீட்டுக் கஷ்டம் தன் வீட்டில் மட்டும் இல்லை என்று தெரியவரும்.

வெள்ளைக்காரன் ஏற்பாடு இதற்கு நேர் எதிர். 1794இல் மதராஸில் தொடங்கி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய மனநோய்க் காப்பகம் ஆளை ஊரிலிருந்தே பிரித்தது. பிறகு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1957இல் தொடங்கிய மனநல மையம் குடும்பத்தையும் கூடவே தங்க வைத்தது. 1989இல் சென்னையில் குடும்பத்தார் சேர்ந்து ‘ஆஷா’ என்று ஒரு சங்கம் வைத்தார்கள். பெற்றோருக்குப் பெற்றோர் துணையானார்கள். நோய் கண்டவருக்கு நோய் கண்டவரே துணையாகலாம் என்ற எண்ணம் குடிநோயாளிகளின் ஏ.ஏ. கூட்டங்களைத் தாண்டி இங்கே அதிகம் பரவவில்லை.

இந்தக் குறை ‘பார்டர்லைன்’ ஆளுமைக் கோளாறு உள்ளவர்களைத்தான் ரொம்பப் படுத்துகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே இது 1980இல்தான் இடம்பிடித்தது. ஊர்க் கண்ணுக்கு நோயாகவே தெரியாது. அது உள்ள பெண் வேலைக்குப் போவாள், கல்யாண வீட்டில் சிரித்துப் பேசுவாள். தோழி பத்து நிமிஷம் போனை எடுக்காவிட்டால் எல்லோரும் கைவிட்டுவிட்டதாகத் துடித்துப்போவாள். நேற்றுத் தெய்வமாகத் தெரிந்தவர் இன்று துரோகி. கையிலுள்ள கீறல் தெரியக் கூடாதென்று சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கை. வீட்டில் ‘கொழுப்பு’ என்பார்கள், தெருவில் ‘சீன் போடுறா’ என்பார்கள். குணசீலத்துக்கும் கூட்டிப்போக மாட்டார்கள், அவள்தான் பேய் பிடித்தவள் மாதிரி ஆடவில்லையே.

இதற்கு மருந்தைவிடப் பேச்சுவழிச் சிகிச்சைதான் முக்கியம். அதில் பேர்பெற்ற டி.பி.டி. முறையை வகுத்த மார்ஷா லினஹன், தானே பதினேழு வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். அதை அவர் ஊரறியச் சொன்னது 2011இல். நீங்களும் எங்களில் ஒருவரா என்று ஒரு நோயாளி கேட்டது அவரை உலுக்கியிருந்தது. பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. அரியலூர்ப் பக்கம் செந்துறையில் தவிக்கும் பெண் இதை டாக்டர் வாயால் கேட்பது வேறு, அந்த நோயைக் கடந்து வந்த ஒருத்தி எதிரே உட்கார்ந்து சொல்லக் கேட்பது வேறு.

மாவட்டக் கணக்கும் இந்த ஊர்களுக்குக் கைகொடுக்கவில்லை. பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்தது 1995இல். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் வந்தது திருச்சிக்கு, அதுவும் பிரிவினை முடிந்த பிறகு. அரியலூர் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, மறுவருஷமே அதனோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது. இன்று மாநிலம் முழுக்கத் திட்டம் இருக்கிறது, அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

வட்டமாக உட்கார்ந்து பேசும் பழக்கமும் நமக்குப் புதிதில்லை. ‘ஆஷா’ தொடங்கிய அதே 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு, சேமிப்பும் கணக்கு நோட்டுமாக இங்கேயும் ஊர் ஊருக்கு நடக்கிறது. கடன் தவணை பேசுகிற பாயில் இந்த நோயைப் பேச முடியாதுதான், மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இதற்கென்று தனியாக ஒரு வட்டம் வேண்டும். கொந்தளிப்பில் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் உள்ளே இழுத்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் காயத்தை விவரித்துச் சொல்லக் கூடாது என்ற விதி வேண்டும், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும், ராத்திரியில் தவிப்பு எடுத்தால் மனநல உதவிக்கான டெலி மானஸின் 14416 எண் ஒவ்வொருவர் போனிலும் இருக்க வேண்டும். தெரிந்த முகத்துக்குப் பயந்தால் ஜெயங்கொண்டத்துப் பெண் பெரம்பலூருக்கும், வேப்பந்தட்டைப் பெண் அரியலூருக்கும் பஸ் ஏறலாம். பிரித்தும் சேர்த்தும் மறுபடி பிரித்தும் பார்த்த இரண்டு மாவட்டத்தால் அந்த ஒரு வசதியாவது கிடைக்கட்டும்.