தளர்ந்த முழங்கால்களும் மால்தா தீவின் நெருப்பும்



திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரம் ஒரு நெருப்போடு தொடங்குகிறது. கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பவுலடியார் பயணித்த கப்பல் புயலில் சிக்கி உடைகிறது. அதிலிருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் மால்தா தீவில் கரையேறுகின்றனர். வந்தவர்கள் யாரென்று அத்தீவு மக்களுக்குத் தெரியாது. மொழி வேறு, சமயமும் வேறு. ஆயினும் மழையும் குளிருமாய் இருந்ததைக் கண்டு, அவர்கள் தீ மூட்டி அனைவரையும் அருகில் அழைத்துக்கொண்டனர் என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார்.

பல ஆண்டுகள் மறைக்கல்வி கற்பித்தவன் நான். இப்பகுதிக்கு வரும்போதெல்லாம், பாம்பு கையைப் பற்றியும் பவுலடியாருக்குத் தீங்கு நேராத புதுமையையே மாணவருக்கு விரித்துரைப்பேன். அந்த நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அதன் பொருளை எனக்கு உணர்த்தியது என் வலது முழங்கால்தான்.

தேய்ந்துபோன மூட்டுக்குப் பதிலாகச் செயற்கை மூட்டு பொருத்தும் சத்திரசிகிச்சை எனக்கு ஒரு மே மாத இறுதியில் நடந்தது. வைத்தியசாலையிலிருந்து நுவரெலியாவிலுள்ள வீட்டுக்குத் திரும்பியபோது தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் அக்காலத்தின் இயல்பை மலையகத்தார் அறிவர். நாட்கணக்கில் சூரியனைக் காண முடியாது. காலையில் இறங்கும் மூடுபனி மாலைவரை விலகாது. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் உலராது. கம்பளியைத் தொட்டாலே ஈரம் கையில் ஒட்டும். சீமெந்துத் தரையின் குளிர் பாதத்தின் வழியாக எலும்புக்குள் ஏறும்.

அந்த ஈரக் குளிரில் என் கால் மரக்கட்டையாக இறுகியது. முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யுமாறு பணித்திருந்தார்கள். நான் ஒருமுறை செய்வதும் அரிதாயிற்று. ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வருவதாக மனைவி கூறியபோது, எதற்கு வீண் மின்கட்டணம் என்று மறுத்தேன். கழிவறைக்கு உயரமான நாற்காலி வாங்குவோம் என்றபோது, நான் என்ன முடவனா என்று சினந்தேன். வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம், ஆண்டவருடைய பாடுகளோடு ஒப்புக்கொடுக்கிறேன் என்று பதிலளித்தேன். அது பக்தியான பதில் என்று நானே நம்பினேன்.

அடுத்த வீட்டில் ஓர் இந்து சகோதரி வசிக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாலை வந்து என் போர்வையைத் தொட்டுப் பார்த்தவர், எதுவும் பேசாமல் அதை எடுத்துச் சென்றார். தமது வீட்டு அடுப்பின் மேலுள்ள பரணில் இரவு முழுவதும் உலர்த்தி, மறுநாள் காலையில் சூடாகக் கொண்டுவந்தார். கூடவே இஞ்சி போட்ட தேநீர். "மாஸ்டர், போர்வை காஞ்சிருச்சு. இப்ப நீங்க காலை மடக்கணும், நான் எண்ணுறேன்" என்று எதிரில் அமர்ந்துகொண்டார். அன்றிலிருந்து ஆறு வாரங்கள், மழை எவ்வளவு கொட்டினாலும் அவர் வரத் தவறவில்லை. மால்தா தீவு மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

அன்பர்களே, இந்த அனுபவத்தை முன்வைத்து நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. தவிர்க்கக்கூடிய குளிரையும் தணிக்கக்கூடிய வலியையும் 'சிலுவை' என்று பெயரிட்டு நோயாளி சுமப்பதும், குடும்பத்தார் அவரைச் சுமக்க விடுவதும் கிறிஸ்தவப் பொறுமை ஆகாது. எனது பொறுமையில் பாதிக்கு மேல் தற்பெருமையே இருந்தது என்று இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

துன்பத்திற்கு மீட்பளிக்கும் பொருள் உண்டு என்பது திரு அவையின் போதனையே. புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருள் பற்றி 1984ஆம் ஆண்டில் ஒரு திருத்தூது மடலே எழுதினார். ஆனால் அம்மடல் நல்ல சமாரியர் உவமையையும் விரிவாக எடுத்துரைக்கிறது. துன்பத்தால் நன்மை செய்யவும், துன்புறுவோருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து ஒருசேரக் கற்பித்தார் என்பதே அதன் சாரம். முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மறுபாதியை மறப்பது நம்மவரிடையே எளிதில் நேரும் தவறு. ஆண்டவரும் தம் சிலுவையைச் சுமக்கச் சீரேனேய சீமோனின் தோளை ஏற்றுக்கொண்டார் அன்றோ?

மூட்டுச் சத்திரசிகிச்சையைப் பொறுத்தவரை இது வெறும் ஆன்மிகச் சிந்தனை மட்டுமன்று. குளிரும் ஈரமும் மூட்டு வலியைக் கூட்டுகின்றனவா என்பது குறித்து ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. எனினும் குளிர்ந்த நாட்களில் விறைப்பு மிகுவதாகப் பலர் உணர்கின்றனர். குளிர் செயற்கை மூட்டைக் கெடுத்துவிடாது. குளிருக்கு அஞ்சி அசையாமல் கிடப்பதே கேடு. முதல் வாரங்களில் மடக்கி நீட்டிப் பழக்காத முழங்கால் பின்னர் எளிதில் வசப்படாது. அசையாத காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது. ஆகவே அறையைச் சூடாக்குவது சொகுசு அல்ல; சிகிச்சையின் ஒரு பகுதி.

எனவே ஈர நிலங்களில் வாழும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். பயிற்சிக்கு முன்னர் நோயாளியின் உடலைக் கம்பளியாலும் காலுறையாலும் கதகதப்பாக்குங்கள். வெளியே குளிர் வாட்டும்போதும் வீங்கிய முழங்காலுக்குப் பனிக்கட்டி ஒத்தடம் கொடுக்குமாறு வைத்தியர் கூறினால் வியப்படைய வேண்டாம். உள்ளே கொதிக்கும் வீக்கத்துக்கே அது மருந்து. துணியில் சுற்றிச் சிறிது நேரம் மட்டும் வைத்து, உடலின் மற்றப் பகுதியைப் போர்த்திவிடுங்கள். தழும்பைச் சுற்றியுள்ள தோல் பல மாதங்கள் மரத்திருக்கக்கூடும். வெந்நீர்ப் பையை அங்கே வைத்தால் சுடுவது தெரியாமலே கொப்புளித்துவிடும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது இதமாகத் தோன்றினாலும், கால் முழுமையாக நீளாமற்போக அது காரணமாகும். நனைந்த படியிலும் வாசலிலும் வழுக்காதிருக்க ஊன்றுகோலின் இறப்பர் முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்குப் பயந்து, கதவு சன்னல்களை மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்து உறங்காதீர்கள். அதிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். அவ்வாறே கெண்டைக்காலில் புதிய வீக்கமோ வலியோ, காயத்தில் சீழோ பரவும் சிவப்போ, காய்ச்சலோ கண்டால் இது குளிரின் வேலை என்று தள்ளிப்போடாமல் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

இனி நமது ஆலயங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழாவது வாரத்தில் மனைவியின் கைபிடித்து ஞாயிறு திருப்பலிக்குச் சென்றேன். அப்பமும் இரசமும் ஆண்டவரின் திருவுடலும் திருஇரத்தமுமாகும் வேளையில் அனைவரும் முழந்தாளிட்டனர். நான் மட்டும் வாங்கில் அமர்ந்திருந்தேன். பின்னாலிருந்து எவரோ முணுமுணுப்பது போலிருந்தது. உண்மையில் எவரும் முணுமுணுத்தார்களோ என்னவோ; என் கூச்சத்துக்கு அது கேட்டது. உடனே முழந்தாளிட முயன்று நிலை தடுமாறினேன். முன்வாங்கின் விளிம்பு கைக்கு எட்டியிராவிட்டால் மீண்டும் வைத்தியசாலைக்கே சென்றிருப்பேன்.

திரு அவை இதை என்னிடம் கேட்கவே இல்லை. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 43ஆம் எண்ணில், அந்த வேளையில் முழந்தாளிட வேண்டும் என்று கூறும்போதே, உடல்நலக் குறைவு முதலிய காரணங்களால் இயலாதவர்களுக்கு விலக்களிக்கிறது. அத்தகையோர் குரு முழந்தாளிட்டு வணங்கும்போது தாழ்ந்து தலைவணங்கினால் போதும். நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர உபவாசத்திற்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். முழங்கால் வலியால் அவதியுற்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே மாதத்தில் சக்கர நாற்காலியில் உலகின் முன் தோன்றினார். அதைக் கண்டு அவருடைய செபம் குறைந்துவிட்டது என்று எவரும் எண்ணவில்லை. அவருக்கு நாம் அளித்த அந்தப் புரிதலை நம் பங்கின் முதியவர்களுக்கும் அளிப்போமா?

ஆகவே பங்கு மக்களிடம் ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் கைப்பிடியுள்ள உயரமான நாற்காலிகள் நான்கேனும் இருக்கட்டும். ஆலயப் படியோரம் பற்றிக்கொள்ள ஒரு கம்பி பொருத்தப்படட்டும். மழைக்காலத்தில் வாசலில் நீரை ஒற்றியெடுக்க ஒரு சாக்காவது கிடக்கட்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வெளியே வர இயலாதோருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் பணியாளர்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடாமல், போர்வை உலர்ந்திருக்கிறதா, அறை சூடாயிருக்கிறதா என்றும் பார்த்து வரட்டும். பாரிய சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தைப் பெறுவது தகும் என்பதையும் நினைவூட்டட்டும். அது மரணப் படுக்கைக்கு மட்டும் உரியதன்று.

நோயாளிகளாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. மால்தாவில் பவுலடியார் பிறர் மூட்டிய தீயில் குளிர்காய்ந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. தாமும் சுள்ளிகளைச் சேர்த்து அந்நெருப்பில் இட்டார். பாம்பு வெளிப்பட்டதும் அந்தச் சுள்ளிகளிலிருந்துதான். தீ மூட்டுவது சுற்றியிருப்போரின் கடமை; சுள்ளி சேர்ப்பது நம் கடமை. கண்ணீர் வந்தாலும் காலை மடக்கும் ஒவ்வொரு முறையும், உதவியை மனத்தாழ்மையோடு ஏற்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு சுள்ளியை இடுகிறோம். வலுவிழந்த முழங்கால்களை உறுதிப்படுத்துமாறு எசாயா இறைவாக்கினர் விடுக்கும் அழைப்பு, பிடித்துத் தூக்குபவருக்கும் எழுந்து நிற்பவருக்கும் பொதுவானது.

என் கால் இன்று நன்றாக மடங்குகிறது. ஆயினும் முழந்தாளிட இன்னும் கடினமே. வாங்கில் அமர்ந்தே தலைவணங்குகிறேன். மழை பிடித்தால் மட்டும் அந்தச் சகோதரி வேலியோரம் நின்று, "மாஸ்டர், எண்ணவா?" என்று குரல் கொடுப்பார். எங்கள் வீட்டுச் செபத்தில் அவர் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது.

இந்த வாரம் உங்கள் அயலில் மூடிய சன்னலுக்குப் பின்னால் ஈரப் போர்வையோடு ஒருவர் கிடக்கக்கூடும். அவருக்காகச் செபியுங்கள். செபித்து முடித்ததும் எழுந்து சென்று, அந்தப் போர்வையைத் தொட்டுப் பாருங்கள்.