திண்ணையில் கழியும் ஆயுள்

தமிழ்நாட்டில் கிராம சபைகள் வருஷத்திற்கு ஆறு முறை கூட வேண்டும் என்று 2022-ல் ஏற்பாடாயிற்று. குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், தொழிலாளர் தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி தினம் ஆகியவை அந்த ஆறு நாட்கள். குடிநீர், தெரு விளக்கு, சாலை, சாக்கடை, வீட்டு மனை என்று ஜனங்களின் குறைகள் பல அங்கே பேசப்படுகின்றன. பேச வேண்டியவையே, அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால், அறிவு வளர்ச்சியில் குறைவுடன் பிறந்த பிரஜைகள் அந்தக் கிராமத்தில் தங்கள் பொழுதை எவ்வாறு கழிக்கிறார்கள் என்ற கேள்வி ஒரு கிராம சபையில் எழுந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இன்று அந்த விஷயத்தையே நேயர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

இதைக் கேட்ட மாத்திரத்தில் சிலர் புன்னகை செய்வார்கள் என்பதை நாம் அறிவோம். "சோற்றுக்கும் மருந்துக்குமே திண்டாட்டம், இந்த நிலையில் விளையாட்டும் விநோதமும் எதற்கு?" என்பார்கள். இக்கேள்வியை அவர்கள் தம் சொந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பரம ஏழையும் தன் மகனை ஊர்த் திருவிழாவுக்குத் தோளில் தூக்கிச் செல்கிறான். பசி தீர்ந்த பிறகே பாட்டு என்று நமது முன்னோர்கள் ஒருநாளும் வைத்துக்கொள்ளவில்லை. நாற்று நடும்பொழுதே பாடினார்கள். ஏற்றம் இறைக்கும்பொழுதே பாடினார்கள். மற்ற எவர்க்கும் ஆடம்பரமாகத் தோன்றாத ஒன்று இவர்களுக்கு மட்டும் ஆடம்பரமாகிவிடுமா?

முதலில் இவர்கள் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு, மனநோய் வேறு. மனநோய் எந்த வயதிலும் வரலாம். சிகிச்சையால் குணமடையவும் கூடும். முன்னது பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ தோன்றி ஆயுள் முழுவதும் தொடரும் ஒரு நிலை. ஒன்றைக் கற்பதற்கும், காரண காரியங்களை ஆராய்வதற்கும், அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்வதற்கும் இவர்களுக்கு அதிகக் காலமும் துணையும் வேண்டும். ஊரார் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, 'பைத்தியம்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் இத்தகையோர் சுமார் 15 லட்சம் பேர் என்றும், தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 1 லட்சம் பேர் என்றும் பதிவாயிற்று. வீட்டில் இப்படி ஒருவர் இருப்பதைச் சொல்லக் கூசும் குடும்பங்கள் நமது நாட்டில் உண்டு. ஆகையால் உண்மைத் தொகை இதனினும் பெரிது என்றே நாம் கருதுகிறோம். தேசத்தின் ஊனமுற்றோர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், அதே கணக்கின்படி நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். விசேஷப் பள்ளிகளும், பயிற்சியாளர்களும், விளையாட்டு ஏற்பாடுகளுமோ நகரங்களை அண்டியே நிற்கின்றன.

கிராமத்தில் இத்தகைய பிள்ளையின் வாழ்க்கை எப்படிச் செல்கிறது? ஐந்தாறு வயது வரையில் அவன் மற்றக் குழந்தைகளோடு மண்ணில் புரண்டு விளையாடுகிறான். வேற்றுமை எவருக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை. பத்து வயதில் தோழர்கள் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் போகிறார்கள். விதிகள் அவனுக்குப் பிடிபடுவதில்லை. அவனைப் பந்து பொறுக்க வைக்கிறார்கள். பதினைந்து வயதில் அதுவும் நின்றுவிடுகிறது. பள்ளியில் சேர்த்திருந்தால் பதினெட்டு வயதோடு பள்ளியும் முடிந்துவிடும். பிறகு திண்ணைதான். காலையில் திண்ணையில் உட்கார வைக்கிறார்கள். மாலையில் உள்ளே அழைக்கிறார்கள். பெண்ணாயின் திண்ணையும் கிடையாது, உள்ளறைதான். அவளுடைய தாய் வேறொருவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போய்ப் பல வருஷங்களாகியிருக்கும். இப்படி ஒரு பிரஜையின் ஆயுளும், அவரைப் பேணும் மற்றொரு பிரஜையின் ஆயுளும் சேர்ந்தே கழிகின்றன.

இதிலும் கொடியது ஒன்று உண்டு. கிராமத்தில் இவர்களுக்கு வேடிக்கை இல்லையே தவிர, இவர்களே பல இடங்களில் வேடிக்கையாக இருக்கிறார்கள். தேநீர்க் கடை வாசலில் ஒருவனை நிறுத்தி, ஆடச் சொல்லியும், திட்டச் சொல்லியும், யாரைக் கலியாணம் செய்துகொள்வாய் என்று கேட்டும் சிரிப்பது சில வாலிபர்களுக்குப் பொழுதுபோக்கு. அவனும் சேர்ந்து சிரிக்கிறான். ஏனெனில், அன்றைய தினத்தில் அவனோடு பேசியவர்கள் அவர்கள் மட்டுமே. வேடிக்கை பார்க்கும் உரிமை வேறு. வேடிக்கைப் பொருளாகும் விதி வேறு. முன்னதைக் கொடுக்காத ஊர், பின்னதைத் தடையின்றிக் கொடுத்து வருகிறது.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1995-ம் வருஷத்துச் சட்டம் ஊனமுற்றோருக்கென விசேஷப் பொழுதுபோக்கு நிலையங்கள் அமைக்கச் சலுகை விலையில் நிலம் தரலாம் என்ற அளவில் நின்றது. 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய உடன்படிக்கையின் 30-வது ஷரத்து, கலை, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் மற்றவர்க்குச் சமமாகப் பங்குகொள்வதை உரிமையாகவே அங்கீகரித்தது. 2007-ல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. அதன்வழி வந்த 2016-ம் வருஷத்துச் சட்டத்தின் 29-வது பிரிவு கலாசார வாழ்வையும் பொழுதுபோக்கையும், 30-வது பிரிவு விளையாட்டையும் பற்றியவை. இவற்றில் நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. 29-வது பிரிவு இக்கடமையைச் சர்க்காரின் மீது மட்டும் சுமத்தவில்லை. ஸ்தல ஸ்தாபனங்களின் மீதும் சுமத்துகிறது. அதாவது, பஞ்சாயத்துக்கு இதில் நேரான பொறுப்பு உண்டு. மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இனி, வசதி என்பதன் பொருளை ஆராய வேண்டும். 2022 நவம்பரில் சென்னை மெரீனா கடற்கரையில் சக்கர நாற்காலிகள் அலையருகே செல்வதற்காக மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அதுவரையில் கடலைத் தொலைவிலிருந்தே கண்டவர்கள் அருகே சென்றார்கள். மிகவும் மெச்சத்தக்க காரியம். ஆனால் வசதி என்றாலே சாய்தளம் என்று எண்ணிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அறிவு வளர்ச்சியில் குறைவுடையவருக்குப் படிக்கட்டு பெரும்பாலும் தடையல்ல. புரியாத விதிகள், திடீரென்று வெடிக்கும் அதிர்வேட்டு, செவிடுபடச் செய்யும் ஒலிபெருக்கி, விரைந்து பேசும் பேச்சு, முன்பின் தெரியாத முகங்கள் ஆகியவையே அவருக்குப் படிக்கட்டுகள். இவற்றைக் கடக்கச் செய்யும் சாய்தளம் சிமெண்டினால் ஆவதல்ல. ஒன்றைப் பல முறை பொறுமையுடன் செய்து காட்டுதல், எழுத்துக்குப் பதில் படத்தால் விளக்குதல், கூட்டத்திற்கு ஒதுக்கமாக ஓர் அமைதியான இடம் வைத்தல், வாரந்தோறும் அதே நாளில் அதே வேளையில் நடத்துதல், அறிமுகமான ஒருவரைத் துணைக்கு நிறுத்துதல் ஆகியவையே அந்தச் சாய்தளம். இதற்குப் பணம் சொற்பம்; மனிதர்கள்தான் வேண்டும்.

மனிதர் வளத்தில் கிராமம் நகரத்திற்குக் குறைந்ததல்ல. நமது கிராமிய விநோதங்களும் இதற்கு இயல்பாகவே ஏற்றவை. கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக நிற்கிறார்கள், அடியும் தட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒருவர் பிசகினால் வட்டம் நின்றுவிடுவதில்லை, பக்கத்திலுள்ளவரைப் பார்த்துச் செய்தால் போதும். பல்லாங்குழியில் காய்களை ஒவ்வொன்றாக இடும்பொழுதே எண்ணும் பழக்கம் வருகிறது. மண் பிசைந்து பொம்மை செய்தல், கோலம் இடுதல், தப்புக்கும் பறைக்கும் அடிவைத்தல் ஆகிய இவையெல்லாம் எழுத்தறிவு கேட்பவையல்ல. கபடியிலும், கற்றவரும் கற்பவரும் கலந்த அணிகளை அமைக்கத் தடையென்ன? 1968-ல் சிகாகோ நகரில் தொடங்கிய விசேஷ ஒலிம்பிக் இயக்கம் இன்று இத்தகைய கலப்பு அணிகளைப் பல தேசங்களில் நடத்துகிறது. 2023-ல் பெர்லினில் நடந்த அதன் உலகப் போட்டிகளில் இந்தியக் கோஷ்டி 202 பதக்கங்களுடன் திரும்பியது. பயிற்சியும் வாய்ப்பும் கிடைத்தால் இவர்களால் என்ன இயலும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆயினும் பதக்கம் ஒன்றையே அளவுகோலாக வைத்துவிடலாகாது. ஓடி வெல்பவரைப் பாராட்டுவது சுலபம். ஓட முடியாதவர், ஓட விரும்பாதவர், ஊஞ்சலில் சும்மா ஆடிக்கொண்டிருக்க மட்டும் விரும்புபவர் ஆகியோருக்கும் மாலைப்பொழுது ஒன்று உண்டு. அதேபோல், டிசம்பர் 3-ந் தேதி வரும் சர்வதேச தினத்தன்று ஜில்லாத் தலைநகரில் பந்தலிட்டு, பரிசளித்து, படம் பிடித்துக்கொண்டால் கடமை முடிந்ததென்று எண்ணுவதும் தவறு. வருஷத்தில் எஞ்சியுள்ள 364 நாட்களும் திண்ணையில்தானே கழிகின்றன?

அண்டை நாடான கேரளம் இதில் நமக்கு ஒரு வழி காட்டுகிறது. 2004-ல் திருவனந்தபுரம் ஜில்லாவின் வெங்ஙானூர் பஞ்சாயத்தில், அறிவு வளர்ச்சிக் குறைவுடைய பிள்ளைகளுக்கென 'பட்ஸ்' என்னும் பள்ளி தொடங்கப்பட்டது. ஸ்தல ஸ்தாபனங்களும் குடும்பஸ்ரீ என்னும் மாதர் இயக்கமும் சேர்ந்து வளர்த்த அவ்வேற்பாடு, இன்று ராஜ்யமெங்கும் 300-க்கு மேற்பட்ட நிலையங்களாகப் பரவியிருக்கிறது. பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கும் தனி நிலையங்கள் உண்டு. இவர்களுக்கென்று கலை விழாக்களும் நடைபெறுகின்றன. கிராமப் பஞ்சாயத்தும் மாதர் குழுவும் மனம் வைத்தால் இக்காரியம் ஆகும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

தமிழ்நாட்டில் இதற்குரிய கருவிகள் இல்லாமற் போகவில்லை. பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாதர்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்தபொழுது, மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன்வரும் ஒருவருக்கும் அச்சலுகை அளிக்கப்பட்டது. போவதற்கு வண்டி உண்டு; போய்ச் சேருமிடம்தான் இல்லை! 1948-ம் வருஷத்துப் பொது நூல்நிலையச் சட்டப்படி வீட்டு வரியோடு நூல்நிலைய வரியும் நம்மிடம் வசூலாகிறது. அந்த வரியைச் செலுத்தும் குடும்பங்களில் இவர்களுடைய குடும்பங்களும் அடக்கம். வாரத்தில் ஒரு மாலை, படப் புத்தகமும் கதை சொல்பவரும் கூடிய ஒரு மணி நேரத்தை ஊர்ப்புற நூல்நிலையம் இவர்களுக்கு ஏன் ஒதுக்கக் கூடாது?

யாவற்றிலும் முக்கியமானது, 2025 ஏப்ரலில் சட்டசபை நிறைவேற்றிய திருத்தம். ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன அங்கத்தினராக வேண்டும் என்று அது விதிக்கிறது. 12,000-க்கு மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளில் இது நிறைவேறுமாயின் மகத்தான மாறுதலே. ஆனால் அந்த ஸ்தானத்தில் அமர்பவர் பெரும்பாலும் கால் ஊனமுற்றவராகவோ, பார்வையிழந்தவராகவோ இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். தமக்காகத் தாமே பேச இயலாதவர்களின் குரலும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் மறக்கலாகாது. ஊரில் இத்தகையோர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று வீடு வீடாகச் சென்று கேட்டுப் பட்டியல் எடுப்பது அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும். "என்ன பிடிக்கும்?" என்ற கேள்வியை அவர்களிடம் இதுவரையில் எவர் கேட்டிருக்கிறார்கள்?

பெற்றோரின் அச்சம் ஒன்று எஞ்சுகிறது. வெளியே விட்டால் அடிப்பார்கள், ஏமாற்றுவார்கள், பெண்ணாயின் அதனினும் கொடிய தீங்கு நேரும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீண் அச்சமல்ல. ஆனால் பூட்டிய அறையும் காவலாகிவிடாது. எவரும் அறியாத இடத்தில்தான் தீங்கு அச்சமின்றி நுழைகிறது. ஊரில் ஐம்பது பேருக்குப் பெயர் தெரிந்த பெண், எவருக்கும் தெரியாத பெண்ணைவிடப் பத்திரமானவள். வாரந்தோறும் கும்மி வட்டத்திற்கு வருபவள் ஒரு வாரம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். தனக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று உறக்கமின்றித் தவிக்கும் தாய்க்கும் இதுவே ஆறுதல். பிள்ளையை ஊர் அறிந்திருந்தால், அவளுக்குப் பின்னும் அவனுக்கு ஊர் இருக்கும். பொழுதுபோக்கை நாம் அற்ப விஷயமாகக் கருதாததன் காரணம் இதுவே. மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது வேலையில் பாதி, விளையாட்டில் பாதி. வேலை மறுக்கப்பட்டவர்களுக்கு விளையாட்டையும் மறுத்தால், அவர்களை ஊரிலிருந்தே நீக்கியதாகும்.

காந்தியடிகள் 1908-ல் ரஸ்கினின் நூலைக் குஜராத்தியில் சுருக்கித் தந்தபொழுது அதற்குச் 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். எல்லோருடைய உயர்வும் என்பது அதன் பொருள். எல்லோர் என்ற சொல்லில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனும் அடக்கமா என்பதை ஒவ்வொரு கிராமமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். நமது தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கிராம சபைக்குச் செல்லும்பொழுது, குடிநீருக்கும் சாலைக்கும் அடுத்தபடியாக இந்த ஒரு தீர்மானத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வாரத்தில் ஒரு மாலை, ஊரில் ஓர் இடம், பொறுப்பேற்க இருவர். தீர்மானத்தில் இவ்வளவு இருந்தால் போதும். சபை கலைந்ததும் அந்தத் திண்ணைக்குச் சென்று, உட்கார்ந்திருப்பவரைப் பெயர் சொல்லி அழையுங்கள்.