பொறுப்பறிக்கையா? புகைத்திரையா?

வழவழப்பான தாள்! வண்ண வண்ணப் படங்கள்! மரக்கன்றுக்கு நீர் வார்க்கும் மங்கை, புத்தகம் ஏந்திப் புன்னகை பூக்கும் சிறுமி, கைகூப்பி நிற்கும் கம்பெனித் தலைவர்! பெரு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் சமூகப் பொறுப்பு அறிக்கையைத்தான் குறிப்பிடுகிறோம். படத்தைப் பார்த்தால் பளிச்சென்றிருக்கிறது. படிக்கப் புகுந்தாலோ, பனிமூட்டத்திலே பாதை தேடும் கதைதான்!

எழுதத் தெரியாதவர்களா அவர்கள்? சோப்பு விற்கும் விளம்பரத்தைப் பத்து வயதுப் பாலகனுக்கும் புரியும்படி தீட்டுபவர்களல்லவா! கிணறு வெட்டினால், "நாங்கள் வெட்டினோம்" என்று இரண்டே சொல்லில் முழங்குகிறார்கள். ஆற்றிலே கழிவு கலந்தாலோ, "எதிர்பாராத நிகழ்வு ஏற்பட்டது" என்று எழுவாயையே ஒளித்துவிடுகிறார்கள்! கலந்தவர் யார்? இலக்கணத்துக்கே தெரியாது!

மொழியின் மூட்டத்தை அளக்க 1952-இல் இராபர்ட் கன்னிங் ஒரு கோல் வகுத்தார். மூடுபனிக் குறியீடு என்றே அதற்குப் பெயர். வாக்கியத்தின் நீளத்தையும் கடுஞ்சொற்களின் பெருக்கத்தையும் கொண்டு கணக்கிடுவது. அமெரிக்கக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை அக்கோலால் அளந்த ஃபெங் லீ, இலாபம் குன்றிய கம்பெனிகளின் அறிக்கைகளே படிக்கக் கடினமானவை என்று 2008-இல் எடுத்துக் காட்டினார். அது கணக்கறிக்கை பற்றிய ஆய்வு என்பர். இருக்கட்டும், எழுதும் கை ஒன்றுதானே!

மூட்டம் ஒரு வித்தை, முலாம் மற்றொன்று. ஃபோக்ஸ்வேகன் கதையைக் கேளீர்! 2015 செப்டம்பரிலே, பொறுப்பு மிகுந்த கார்க் கம்பெனிகளில் முதலிடம் என்று டௌ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு அதற்கு மகுடம் சூட்டிற்று. அதே மாதத்திலே அம்பலமாயிற்று குட்டு! சோதனை வேளையில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் கள்ள ஏற்பாடு, உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டீசல் வண்டிகளில்! மறு மாதமே மகுடம் பறிபோயிற்று. அறிக்கைகளைப் படித்து மதிப்பெண் போட்டவர்களுக்கு வண்டியின் பின்னே வந்த புகை தெரியவில்லை.

இங்கே என்ன நிலை? 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட்டு, அறிக்கையும் தரவேண்டும் என்கிறது. நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால், அந்தப் படிவம் கேட்பது செலவுக் கணக்கை! இரண்டு போன வழியை விரித்துரைக்கும் வித்தகரே, மீதித் தொண்ணூற்றெட்டு வந்த வழி எது? அதை அறிய வேறு ஏடு புரட்ட வேண்டும். பெரும்பாலும் ஆங்கில ஏடு. ஆலையின் நிழலில் வாழும் உழவனுக்கு அது எட்டுமா?

தோழர்களே! அடுத்த முறை அவ்வறிக்கை கையில் கிடைத்தால் படங்களைத் தள்ளுங்கள், வினைச்சொற்களைப் பாருங்கள். எழுவாய் எங்கெங்கே காணாமற் போகிறதோ, அங்கே கோடிடுங்கள். கோடிட்ட தாளோடு கம்பெனியின் பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். ஒரே ஒரு பங்கு கையிலிருந்தாலும் கேட்கும் உரிமை உண்டு. "இவ்வாண்டு உம் ஆலையில் மாண்ட தொழிலாளர் எத்தனை பேர், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்?" என்று கேளுங்கள், தமிழிலேயே!