தோடம்பழம் பிழையாகும்போது: கல்வி விளையாட்டுகளும் எங்கள் ஆரம்ப வகுப்புகளும்

2026 இல் தரம் 1 இலிருந்து ஆரம்பித்திருக்கும் கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் ‘டிஜிட்டல்’ என்ற சொல் ஓயாமல் ஒலிக்கிறது. ஸ்மார்ட் போர்ட், டப், இணைய இணைப்பு என்று பேச்சு கருவிகளைச் சுற்றியே நடக்கிறது. அந்தத் திரையில் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆரம்பப் பிரிவில் இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விடை, இணையவழிக் கல்வி விளையாட்டுகள். இந்த விடையைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

விளையாட்டு புதிதாக ஒன்றைக் கற்பிப்பதை விட, கற்றதைப் பயிற்றுவிப்பதற்கே நன்கு உதவுகிறது. வாய்ப்பாடு, கூட்டல் கழித்தல், எழுத்துக்கூட்டல் எல்லாம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைவரும். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகவே ‘வாழை’யையும் ‘வாளை’யையும் காதால் மட்டும் பிரித்தறிய முடியாது, கண்ணும் கையும் பழக வேண்டும். முப்பத்தைந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியர் மறுநாள் சொல்லும் பிழையை விளையாட்டு அந்தக் கணமே சொல்லிவிடும். வகுப்பின் முன்னால் வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

ஆனால் பிழையைச் சொன்ன பிறகு அந்த விளையாட்டு என்ன செய்கிறது? ஒரு விளையாட்டின் தரத்தை நான் இதைக் கொண்டே அளக்கிறேன். 7 × 8 எத்தனை என்று கேட்டு நான்கு விடைகளைத் தருகிறார்கள். பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறது. நான்காவது தட்டில் மணி அடித்து நாணயங்கள் கொட்டுகின்றன. பிள்ளை கற்றுக்கொண்டது தட்டுவதை மட்டுமே. நல்ல விளையாட்டு எட்டெட்டுப் புள்ளிகளாக ஏழு வரிசைகளைக் காட்டி எண்ண வைக்கும். நாலைந்து கேள்விகளுக்குப் பிறகு அதே கணக்கை மீண்டும் கேட்கும். வண்ணமும் இசையும் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், பயன் ஒன்றல்ல.

அடுத்தது மொழி. தமிழில் கிடைக்கும் சிறுவர் செயலிகளில் அநேகமானவை தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டவை. அது அவர்களின் குறையல்ல. ஆனால் எங்கள் பிள்ளை தோடம்பழம் என்பதை அங்கே ஆரஞ்சு என்கிறார்கள். பப்பாசி பப்பாளி ஆகிறது, கதிரை நாற்காலி ஆகிறது, கச்சான் வேர்க்கடலை ஆகிறது. படத்தைப் பார்த்துச் சரியான சொல்லைத் தேடும் பிள்ளைக்குச் சிவப்புக் குறி விழுகிறது. வீட்டில் அம்மா சொல்லும் சொல் பிழை என்று ஓர் இயந்திரம் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஆங்கில விளையாட்டுகளில் சிக்கல் வேறு: கணக்குத் தெரிந்த பிள்ளையும் கேள்வி விளங்காததால் தோற்கிறது.

மூன்றாவது, யார் விளையாட முடியும் என்பது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதற்கான விடையை நாடே பார்த்தது. ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்தார்கள். தோட்டப்புறங்களிலும் கிராமங்களிலும் சிக்னல் தேடி மேடுகளில் ஏறினார்கள். இணைப்பு இருந்தால்தான் இயங்கும் விளையாட்டு, வசதி உள்ள பிள்ளைக்கே மேலும் பயிற்சி தரும். இலவசம் என்று வருபவற்றில் பல விளம்பரத்தாலும் தரவுகளாலும் பிழைக்கின்றன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளின் அரசுகள் பெருந்தொற்றுக் காலத்தில் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, 2022 இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறுவர்களின் தரவுகளை அவர்களின் உரிமைகளுக்குப் பாதகமாகக் கையாண்டதாக அது கூறியது. அதே ஆண்டில் இங்கு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனாலும் எந்தச் செயலியைப் பிள்ளையிடம் கொடுக்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்லும் எளிய வழிகாட்டலைக் காண முடிவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் ஜிகாம்பிரி என்ற கட்டற்ற மென்பொருளில் இரண்டு முதல் பத்து வயது வரையானவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் உள்ளன. விளம்பரம் இல்லை, இணைய இணைப்பும் தேவையில்லை, பழைய கணினியிலும் இயங்கும். மூலநிரல் திறந்திருப்பதால் யாரும் தம் மொழியின் சொற்களையும் ஒலிகளையும் சேர்க்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் ஏற்கெனவே இருக்கிறது. கல்வியியற் கல்லூரி மாணவர்கள் எங்கள் பாடநூல்களிலிருந்து சொற்பட்டியல்களைத் தொகுக்கலாம்; எங்கள் உச்சரிப்பில் ஒலிப்பதிவு செய்யலாம். அவற்றைத் தளத்தில் ஏற்றுவதோடு மெமரி காட்டில் பதிந்து இணைப்பில்லாத பாடசாலைகளுக்கும் அனுப்பலாம். இதற்குப் பெரும் கடன் திட்டம் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்வரை, இந்த விளையாட்டுகளும் மாதிரி வினாத்தாள்களாக மாறிவிடக்கூடும். புள்ளிப் பட்டியலும் முதலிடமும் திரையிலும் வந்தால், டியூசனின் இன்னொரு கிளையைத்தான் திறந்திருப்போம். எந்தப் பிள்ளை முதலிடம் என்பதை விட, எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பதே ஆசிரியரின் கைக்குப் போய்ச் சேர வேண்டிய தகவல். அதைத் தரும் விளையாட்டுக்கு ஒரு நாளில் பதினைந்து நிமிடம் கொடுத்தால் போதும். மிச்ச நேரத்துக்கு முற்றம் இருக்கிறது.