பெரியவர்கள் வாங்கினார்கள், சரி, எப்போது?

காலாண்டு முடிந்து மூன்று வாரம் போனால் போதும், எந்தப் பங்கில் வெளிநாட்டு நிதிகள் நுழைந்தன, எதிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுகள் வெளியேறின என்ற பட்டியல்கள் செயலிகளிலும் தொலைக்காட்சியிலும் வரிசை கட்டுகின்றன. அவற்றைப் பார்த்துப் பணம் போடுகிற சிறு முதலீட்டாளர்கள் ஏராளம். பட்டியலில் உள்ளது பொய்யில்லை. ஆனால் அது காலாண்டின் கடைசி நாள் கையிருப்பு மட்டுமே. அதை இன்று வாங்கச் சொல்லும் சிபாரிசாக எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

டிஎஸ்எம்சி பங்கில் நடந்ததைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 30 அன்று, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே இந்தத் தைவான் சிப் நிறுவனத்தின் சுமார் 6 கோடி பங்குகளை வைத்திருந்தது. மதிப்பு ஏறத்தாழ 410 கோடி டாலர். அமெரிக்காவில் இந்தக் கணக்கைக் காட்ட 45 நாள் அவகாசம் உண்டு. ஆகவே விஷயம் வெளியே தெரிந்தது நவம்பர் 14 அன்று. மறுநாளே நியூயார்க்கில் பங்கு 10 சதவீதத்துக்கு மேல் எகிறியது. அடுத்த கணக்கு பிப்ரவரியில் வந்தது: டிசம்பர் முடிவதற்குள் பெர்க்‌ஷயர் 86 சதவீதத்தை விற்றிருந்தது. பஃபெட்டை நம்பி வாங்கியவர்களுக்கு அவர் விற்றது தெரிய மூன்று மாதம் ஆயிற்று. நிறுவனத்தில் குறை எதுவுமில்லை, அது இருக்கும் இடம்தான் கவலை என்று அவர் பின்னர் விளக்கினார். அந்தக் காரணம் எந்தக் கணக்கிலும் இருக்கவில்லை.

நம் நாட்டில் தாமதம் குறைவு என்பார்கள். உண்மைதான்; பங்குதாரர் விவரத்தை 21 நாளுக்குள் தர வேண்டும் என்பது செபி விதி. ஆனால் பொதுப் பங்குதாரர்களில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் பெயர்தான் அதில் வரும். 1.02 சதவீதம் 0.98 ஆனாலே பெயர் மறைந்துவிடும். பார்ப்பவருக்கு அந்த நிதி முழுதாக விலகியதாகத் தோன்றும். நிறுவனம் புதுப் பங்கு வெளியிட்டாலும் குழப்பம்தான்: 1,000 பங்கில் 80 வைத்திருந்தவரின் 8 சதவீதம், மேலும் 200 பங்கு வந்தால் 6.7 ஆகிவிடும். அவர் விற்றது ஒன்றுமில்லை. நிஃப்டியில் ஒரு பங்கு சேர்ந்தால் இண்டெக்ஸ் ஃபண்டுகள் அதை வாங்கியே ஆக வேண்டும். அதில் மதிப்பீடு ஏதுமில்லை.

ஆய்வாளர் படையே வைத்திருப்பவர்களைப் பின்பற்றுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். அவர்கள் வாங்கிய விலையும், எப்போது விற்பார்கள் என்பதும் நமக்குக் கிடைக்காதே! அதற்காக இந்த விவரங்களே வீண் என்று நான் சொல்லவில்லை. நிறுவனர்கள் தொடர்ந்து பங்குகளை அடகு வைக்கிறார்களா, நான்கைந்து காலாண்டாகப் பல நிதிகள் ஒருசேர விலகுகின்றனவா என்பதைச் சாமானியர் அறிய இதைவிட நல்ல வழியில்லை. அங்கிருந்து ஆண்டறிக்கைக்குப் போய்க் காரணம் தேட வேண்டும். செயலிகளுக்கும் பொறுப்பு உண்டு. ‘வாங்கினார்கள்’ என்று பச்சையில் காட்டும்போது, எந்தத் தேதிக் கையிருப்பு, இண்டெக்ஸ் ஃபண்டின் பங்கு எவ்வளவு என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். செபி இதைக் கட்டாயமாக்கலாம்.