கடைக்குக் கூரை: சதுர அடி எவ்வளவு?

புதிதாகக் கடையோ மண்டபமோ கட்டுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். தரைக்கு எந்தக் கல், முகப்புக்கு எந்தக் கண்ணாடி என்று மாதக்கணக்கில் அலைவார்கள். கூரை என்று வந்ததும் ஒரே கேள்விதான்: "சதுர அடி எவ்வளவு ஆகும்?" கட்டடப் பொறியியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. கூரையைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதன் கீழே நாள் முழுக்க இருப்பவர் வேறொருவர். முதலாளியின் அறை கீழ்த்தளத்தில் ஏசியோடு இருக்கும். மொட்டை மாடியில் ஷீட் போட்ட கொட்டகையில்தான் தையல் பிரிவும், சமையலும், ஊழியர்கள் சாப்பிடும் இடமும்.

2004ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க முடியாது. ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அதன் பிறகு கீற்று போய் தகரம் வந்தது. நல்லதுதான். ஆனால் "தகரம் எரியாது, ஆகவே பிரச்சினை தீர்ந்தது" என்று நாம் நினைத்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடில்லை. சித்திரை மாத மதியத்தில் மேலே தகரம் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது, கீழே ஃபேன் போட்டால் அது அனலைத்தான் இறக்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகத்தில் சட்டம் வந்தது. இருக்கை வந்தது சரி, தலைக்கு மேலே?

அதற்காகத் தகரமே கூடாது என்று சொல்லவில்லை. பழைய கட்டடத்தின் மேல் ஒரு தளம் எழுப்ப வேண்டுமென்றால் பல சமயம் அதுதான் சரியான வழி. அரை மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான் இருக்கும். மொட்டை மாடியில் 10 செ.மீ. கனத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டால் அதே இடத்தில் 180 கிலோவுக்கு மேல் ஏறும். கீழே உள்ள தூண்கள் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் கொட்டக் கூடாது.

ஆனால் அந்த லேசான எடைதான் ஆபத்தும். புயல் காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, உறிஞ்சி மேலே தூக்குவதுதான் அதிகம். அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் ரொம்பக் கடுமையாக இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்களில் ஷீட்டுகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓரத்தில் திருகாணிகளை நெருக்கமாகப் போட வேண்டும். ஷீட்டைத் தாங்கும் சட்டங்களையும் நெருக்கமாக வைக்க வேண்டும். மிச்சம் பிடிப்பது சரியாக இந்த இரண்டில்தான்! ஷீட் 0.35 மி.மீ.யா 0.50 மி.மீ.யா என்று கீழே நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது.

வெப்பத்துக்கு வழி இல்லாமல் இல்லை. கூரையைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கிப் போடலாம். உச்சியில் சூடான காற்று வெளியேற வழி விடலாம். ஷீட்டுக்கு அடியில் வெப்பத் தடுப்பு கொடுக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: இப்போது எல்லோரும் சொல்கிற பஃப் பேனல் (இரண்டு தகரத்துக்கு நடுவே நுரை வைத்தது) வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் அந்த நுரை தீப்பற்றினால் நச்சுப் புகை கக்கும். சமையலறைக்கு மேலே என்றால் விலை கூடினாலும் ராக்வூல் வைத்த பேனல்தான் போட வேண்டும் என்பேன். ஆஸ்பெஸ்டாஸ் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. துளை போடுகிறவர்தான் அந்தத் தூசியை முதலில் சுவாசிக்கிறார்.

கான்கிரீட் தளம் போட்டவர்களும் தப்பிக்கவில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலை அது சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குத்தான் கீழே விடும், அதாவது வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில். ஜல்லி சுண்ணாம்பு மேல் தட்டோடு பதிக்கும் நம் பழைய வழக்கம் வெப்பத்துக்கும் மழைக்கும் சேர்த்தே யோசித்தது. அதுவும் முடியாவிட்டால் கோடைக்கு முன் வெள்ளையாவது அடிக்கலாம். தூசி படிந்தால் பலன் குறையும், வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தெலங்கானா அரசு 2023இல் வணிகக் கட்டடங்களுக்குக் குளிர்கூரையைக் கட்டாயமாக்கிக் கொள்கையே வெளியிட்டது.

இத்தனை இருந்தும் ஏன் யாரும் செய்வதில்லை? கூரைக்குச் செலவு செய்ய வேண்டியவர் கட்டட உரிமையாளர். கரண்ட் பில் கட்டுகிறவர் வாடகைக்காரர். வியர்வை ஊழியருடையது. மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவதே இல்லை. குறைந்தபட்சம் வாடகைக்கு இடம் பார்ப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு மேல்தளத்துக்குப் போய் ஃபேன் இல்லாமல் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அட்வான்ஸை அதன் பிறகு கொடுக்கலாம்.